இழப்பை நாடும் கண்: நிஹால் பெர்னாண்டோவும் ஊவாத் தோட்டங்களும்

இலங்கையின் நிலக்காட்சியை ஒளிப்படத்தில் வடித்தோருள் நிஹால் பெர்னாண்டோ (1927–2015) முதல்வரிசையினர் என்பதில் ஐயமில்லை. ‘ரைம்ஸ் ஒவ் சிலோன்’ நிறுவனத்திற் பணியாற்றிப் பின்னர் ‘ஸ்ரூடியோ ரைம்ஸ்’ நிறுவனத்தை நடத்திய அவர், அரை நூற்றாண்டளவு தீவெங்கும் அலைந்து காடுகளையும் குளங்களையும் தொல்சின்னங்களையும் கிராமங்களையும் பதிவுசெய்தார். மாறிவரும் நாட்டில் எவை மறையும் எனத் தோன்றியதோ அவற்றையே அவர் கமெரா நாடிற்று. 1986இல் வெளிவந்த ‘த வைல்ட், த ஃப்ரீ, த பியூட்டிஃபுல்’ என்னும் நூலின் பெயரே இந்நோக்கைப் புலப்படுத்தும்.

வறண்ட வலயத்துக் காட்டின்முன் இந்நோக்கு வலிமை பெறும். ஊவாவின் தோட்டப்புறத்திலோ அது தடுமாறவே நேரும். பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகளில் ‘ஆதி’ நிலை எதுவெனச் சுட்டுவது எளிதன்று. காடு அழிந்து கோப்பி வந்தது. 1869இல் மடுல்சீமையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்தத் தேயிலை வந்தது. இம்மாற்றங்களைக் கையாற் செய்தவர், கடல் கடந்து காட்டுவழி நடந்துவந்த தமிழகத்துத் தொழிலாளர். பச்சைக் கம்பளமென வியக்கப்படுவது, அவர்கள் கான் வெட்டிக் கவ்வாத்துச் செய்து கொழுந்தெடுத்து ஆக்கிய பரப்பேயாகும். இழப்பை நாடும் கண்ணுக்கு அது காட்டின் வடு. உல்லாசப் பயணியின் கண்ணுக்கோ வெறும் அழகு. இரண்டிலும் உழைப்பு மறைகிறது. (தெமோதரையில் 1921இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிப்போருள் எத்தனைபேர் லயத்தின் பக்கம் கமெராவைத் திருப்புகின்றனர்?)

முகங்களைக் கண்டவர் இல்லாமலில்லை. 1875இல் இலங்கை வந்த ஜூலியா மார்கரெட் கமெரன், 1879இல் திக்கோயாவில் இறக்குமுன் தமிழ்த் தொழிலாளரைப் படமெடுத்தார். அங்கே முகம் உண்டு. பெயர் பெரும்பாலும் இல்லை, அவர்கள் திருத்திய மலையும் இல்லை.

மலையையும் மனிதரையும் ஒருசேரக் காணாமை கலைக்குறை மட்டுமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பத்திரிகைகள் வெளியிட்டவை சேற்றின் படங்கள். சேறாகுமுன் அச்சரிவு எவ்வாறிருந்தது என்பதை அவை கூறமாட்டா. பெர்னாண்டோ வனத்திற்குக் காட்டிய பொறுமையோடு எவரேனும் ஒரு தோட்டச் சரிவை ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் எடுத்திருப்பின், கான்கள் தூர்வதும், தேயிலையினுள் மானாப்புல் ஏறுவதும், லயச் சுவரில் வெடிப்பு நீள்வதும் அப்படங்களில் தெரிந்திருக்கும்.