பூட்டை இழுத்துப் பார்த்தீர்களா?

சென்ற மாதம் லினக்ஸ் ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் நண்பர் ஒருவர் பேசினார். மேசைமேல் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மினி பிசி: உள்ளே இன்டெல் என்100, முதுகில் நான்கு நெட்வொர்க் போர்ட். வீட்டு ரூட்டரை நாமே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சு. "கனெக்‌ஷன் குடுக்கிறவன் தர்ற பெட்டிய நம்பாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தா போதும், ஃபயர்வால் உங்க கையில" என்றார். நல்ல கைதட்டல். கடைசியில், ஃபயர்வால் வேலை செய்வதைக் காட்டுகிறேன் என்று திரையில் ஒன்றை ஓடவிட்டார். ஓடியது ஸ்பீட் டெஸ்ட்.

அன்றிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது வீட்டைப் பூட்டியதும் யாராவது ஒருவர் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போனவர் சந்தேகம் வந்து திரும்பி இன்னொரு தரம் இழுப்பதும் உண்டு. ஃபயர்வால் கட்டுகிறவர்களிடம் அந்தப் பழக்கம் அறவே கிடையாது. நெட் வருகிறதா என்று நூறு தடவை பார்ப்பார்கள். வரக்கூடாதது வராமல் இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை.

நண்பர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு தடுமாறியதற்குக் காரணம், வெளியே பார்த்துத் திறந்து கிடந்த ஒரு பராமரிப்பு போர்ட். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் வெளிச்சத்துக்கு வந்தபோது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளாவது அதன் பிடியில் இருந்தன. பெரும்பாலும் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருக்கும் ரூட்டர்கள். தயாரித்தவன் கைகழுவிய பெட்டிக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருள் ஆண்டுக்கணக்கில் உயிர் கொடுக்கிறது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி பெட்டிக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, ஜிபிஎல் உரிமத்தின் பேரில் மூல நிரலைக் கேட்டு வாங்கி, 2004-இல் ஆரம்பித்த கதை அது. வீட்டில் ஒருவர் வீடியோ ஏற்றும்போது இன்னொருவரின் அழைப்பு திக்காமல் இருக்க கேக் போன்ற வரிசை முறைகள் செய்யும் உபகாரமும் உண்மை. கற்றுக்கொள்கிற இன்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் இவை எதுவும் ஃபயர்வால் பற்றியது அல்ல.

ஃபயர்வால் என்ற பெயரில் உண்மையில் செய்யப்படுவது என்ன? டெபியனை நிறுவுகிறோம். பாக்கெட்டுகளைக் கடத்திவிடச் சொல்லி கெர்னலுக்கு ஒரு வரி. வெளிப்பக்க கார்டில் மாஸ்கரேட் என்று இன்னொரு வரி. டிஎச்சிபிக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் டிஎன்எஸ்மாஸ்க். நெட் வந்துவிடும். இந்தச் சமையல் குறிப்பு இருபது ஆண்டுகளாக எழுத்து மாறாமல் கைமாறி வருகிறது. இதில் தடுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. டெபியன் தானாக எதையும் அடைப்பதும் இல்லை. கடத்தும் சங்கிலியின் இயல்புக் கொள்கை ஆக்செப்ட். வெளியிலிருந்து யாரும் உள்ளே வராமல் இருப்பதற்கு ஒரே காரணம், உள்ளே இருக்கும் 192.168 முகவரிகளுக்கு இணையத்தில் வழி கிடையாது என்பது. வாசல் பூட்டியிருக்கவில்லை, தெருவுக்குப் பெயர்ப்பலகை இல்லை, அவ்வளவே.

மாஸ்கரேட் செய்யும் முகவரி மாற்றத்தை, அதாவது நேட்டை, பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்ட இந்தக் குழப்பம் ஐபிவி4 காலத்தில் மன்னிக்கக்கூடியதாக இருந்தது. நம் ஊரில் அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2016-இல் ஜியோ வந்த பிறகு ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசைக்குப் போனது; வீட்டு ஃபைபர் இணைப்பிலும் அது வருகிறது. அங்கே மாஸ்கரேட் கிடையாது. நிறுவனம் ஒரு முகவரித் தொகுதியையே தருகிறது. டிவி, கேமரா, பிரின்டர் என்று ஒவ்வொன்றும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் சொந்த முகவரி வாங்கிக்கொள்கிறது. தெருவில் எல்லா வீட்டுக்கும் பெயர்ப்பலகை வந்தாயிற்று. பூட்டு இருக்கிறதா என்பது இப்போதுதான் கேள்வியே.

லினக்ஸில் ஃபயர்வால் விதி எழுதும் ஐபிடேபிள்ஸ் கட்டளையில் எவ்வளவு கறாராக எழுதினாலும் அது ஐபிவி4-ஐ மட்டுமே தொடும். ஐபிவி6-க்கு ஐபி6டேபிள்ஸ் என்று தனிக் கட்டளை, தனிப் புத்தகம். 2014 ஜனவரியில் கெர்னலுக்குள் வந்த என்எஃப்டேபிள்ஸில் இனெட் என்று ஒரு அட்டவணை வகை இருக்கிறது. ஒரே விதி இரண்டையும் பிடிக்கும். அது வந்து பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகும் அன்றைய பேச்சாளரின் திரையில் இருந்தவை ஐபிடேபிள்ஸ் வரிகள்தான். ஐபி6டேபிள்ஸ் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

இவ்வளவு சூடாகப் பேசுவதற்குக் காரணம், நானே இதில் விழுந்தவன். பழைய தின் கிளையன்ட் ஒன்றில் இரண்டாவது நெட்வொர்க் கார்டைச் சொருகி டெபியன் ரூட்டர் கட்டினேன். ஐபிவி4 விதிகள் முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றும் தேன்கூட்டு அறை மாதிரி அளந்து வைத்தது. பிறகு ஐபிவி6 வந்தது, இயக்கினேன், எல்லாக் கருவிக்கும் முகவரி கிடைத்தது, மகிழ்ந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், வைஃபை எட்டாத மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, கையில் இருந்த ஃபோனின் பிரவுசரில் சும்மா கேமரா ரெக்கார்டரின் ஐபிவி6 முகவரியை இட்டுப் பார்த்தேன். மொபைல் டேட்டாதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு விநாடியில் ரெக்கார்டரின் நீல நிற லாகின் பக்கம் வந்து நின்றது. ஈரத்துணி தோளில் கிடக்க, பயனர் பெயர் கேட்கும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக ஊரில் எவன் கேட்டாலும் அதே மரியாதையுடன் வந்து நின்றிருக்கும். பாஸ்வேர்டை மாற்றி வைத்திருந்தேன் என்பது ஒன்றுதான் மிச்சம்.

கீழே வந்து ஐபிவி6 விதிக் கோப்பைத் திறந்தேன். விதிகளைச் சேமிக்கும் நிரல் தானாக எழுதி வைத்த வரிகள் மட்டும் இருந்தன: இன்புட் ஆக்செப்ட், ஃபார்வர்ட் ஆக்செப்ட், அவுட்புட் ஆக்செப்ட். அந்தக் கோப்பை அதற்கு முன் நான் திறந்ததே இல்லை.

இதை நண்பரிடம் சொன்னபோது, ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் தொகுதியில் குறைந்தது இரண்டின் அடுக்கு 64 முகவரிகள் இருக்கின்றன, எவன் தேடிக் கண்டுபிடிப்பான் என்றார். வைக்கோற்போரில் ஊசி என்ற வாதம். ஊசி தானே கத்தினால்? என் ரெக்கார்டர் முகவரியின் பின்பாதியில் நட்டநடுவே எஃப்எஃப்எஃப்இ என்று இருந்தது. அதாவது கார்டின் மேக் எண்ணை அப்படியே விரித்துப் போட்டிருக்கிறது. தயாரித்தவன் யார் என்று தெரிந்தால் பின்பாதியில் பெரும்பகுதி கையில். அதோடு, கருவி வெளியே ஏதாவது ஒரு சர்வரைத் தொட்டாலே அந்தச் சர்வரின் பதிவேட்டில் முழு முகவரியும் எழுதப்பட்டுவிடும். கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது வேறு, பூட்டியிருக்கிறது என்பது வேறு.

இது மறதியால் வந்த ஒரு தனிப் பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கோளாறு பார்க்கும் முறையே இந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பது என் நெடுநாள் வழக்கு. நெட் வராவிட்டால் வீடே சத்தம் போடும். "அப்பா, கிளாஸ் கட் ஆயிடுச்சு." "என்னங்க, பேங்க் பேஜ் சுத்திக்கிட்டே இருக்கு." அடைபட வேண்டிய ஒன்று திறந்து கிடந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். வலிக்கிற இடத்தில்தானே கை போகும்.

வலிக்கிற இடத்தில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் தொங்குகின்றன என்றால் பிபிபிஓஇ இணைப்பில் எம்டியூ 1500 அல்ல, 1492 என்று உடனே பிடித்துவிடுவார்கள். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1464 பைட் பிங் போகிறது, 1465 போகவில்லை என்று விரல்விட்டுக் காட்டுவார்கள். எம்எஸ்எஸ் அளவை இறுக்கி ஒரு விதி போட்டதும் எல்லாம் சரியாகும். அழகான வேலை. ஆனால் அந்தத் தொங்கலுக்கு அநேகமாக ஒரு முன்கதை உண்டு: ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்தால் பாதுகாப்பு என்று எங்கோ படித்து, "பாக்கெட் பெரிது" என்று திரும்பி வரும் செய்தியையும் சேர்த்து அடைத்திருப்பார்கள். அடைக்கக் கூடாததை அடைத்தாயிற்று. அடைக்க வேண்டியது திறந்தே கிடக்கிறது.

அதன் பிறகு நடப்பதுதான் என்னை எரிச்சல்படுத்துகிறது. எது தடுக்கிறது என்று தெரியாதபோது எல்லா விதியையும் துடைத்துவிட்டுப் பார்ப்பார்கள். வருகிறதா? வருகிறது. சரி, இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும். "இப்போதைக்கு" என்ற சொல்லுக்கு வீட்டு ரூட்டரில் ஆயுள் தண்டனை. பையனின் கேம் கன்சோலுக்காக யூபிஎன்பி இயக்கப்படும். கேட்கிற கருவிக்கெல்லாம் துளை போட்டுத் தரும் வசதி அது, கன்சோல் விற்றுப் போன பிறகும் தொடரும். கடத்தலை இயக்கியதும் லினக்ஸ் கெர்னல் தன் ஐபிவி6 வழியைச் சொல்லும் அறிவிப்புகளை ஏற்பதை நிறுத்திவிடும். வழி இல்லாமல் போய் இணைப்பு செத்துப்போகும். ஏற்கும் அமைப்பை 2 என்று மாற்றினால் தீர்ந்தது. அதைத் தேடுவதற்குப் பதில் ஃபார்வர்ட் சங்கிலியைத் திறந்துவிட்டுப் பார்ப்பார்கள், பயன் இருக்காது, திறந்ததை மூடவும் மாட்டார்கள்.

விளம்பரம் தடுக்க பை-ஹோல் வேண்டுமென்று அதே பெட்டியில் டாக்கரைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியில் வெளி வரத்தை மறுத்தாயிற்று, நிம்மதி. டாக்கர் வெளியிடும் போர்ட் இன்புட் சங்கிலிப் பக்கமே போகாது. அதற்கு முன்பே முகவரி மாற்றப்பட்டு ஃபார்வர்ட் வழியாகக் கன்டெய்னருக்குப் போய்விடும். யூஎஃப்டபிள்யூ தன் பட்டியலில் "மறுக்கப்பட்டது" என்றுதான் காட்டும். அது பொய் சொல்லவில்லை. தன் வாசலைப் பற்றி மட்டும் சொல்கிறது.

ஓப்பன்டபிள்யூஆர்டிக்காரர்கள் இங்கே சிரிக்கலாம். அதில் வெளிப்பக்கத்து வரத்து இரண்டு ஐபியிலும் இயல்பாகவே மறுக்கப்பட்டு வருகிறது, 22.03 பதிப்பிலிருந்து என்எஃப்டேபிள்ஸும் வந்துவிட்டது. நல்லது. அதாவது, யாரும் கைவைக்காமல் இருக்கும் வரை பத்திரம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நாமே கட்டுவதன் பெருமையைப் பேசுகிறவர்களுக்கு இது எந்த வகை ஆதரவு என்று எனக்கு விளங்கவில்லை. அவர்கள் ஏளனம் செய்யும் கம்பெனிப் பெட்டிகளில்கூட ஐபிவி6 வரத்தை அடைத்தே அனுப்புபவை இருக்கின்றன. நம் நண்பரோ அதைக் கழற்றி, பிரிட்ஜ் மோடுக்கு மாற்றி, அந்த இடத்தில் மூன்று வரிச் சமையல் குறிப்பை வைக்கிறார். நிலைமை மோசமாகிவிட்டது, நம்பிக்கை மட்டும் ஏறிவிட்டது. கொஞ்சம் அநியாயமாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. ஸ்பீட் டெஸ்ட்டைப் பார்த்துக் கைதட்டிய கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

இழுத்துப் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஃபோனில் வைஃபையை அணைத்து, டெர்மக்ஸில் என்மேப் போட்டு, நம் வீட்டு முகவரிகளை ஐபிவி4 ஒருமுறை, ஐபிவி6 ஒருமுறை வெளியிலிருந்து தட்டினால் போதும். ரூட்டருடையதை மட்டுமல்ல, கேமராவுடையதையும் டிவியுடையதையும். நம் வீட்டை நாம் தட்டுவதில் தப்பில்லை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு எண்ணியும், யாருக்காக எந்தத் தேதியில் போட்டது என்று ஒரு குறிப்பும் எழுத என்எஃப்டேபிள்ஸில் இடம் இருக்கிறது. மாடியிலிருந்து இறங்கி வந்த பிறகு எல்லாவற்றையும் அப்படித்தான் திரும்ப எழுதினேன்.

ஒன்றைத் தவிர. பழைய கோப்பிலிருந்து அப்படியே ஒட்டிய ஒரு விதி, பெரிய எண்ணில் ஒரு யூடிபி போர்ட்டை உள்ளே அனுமதிக்கிறது. குறிப்பு இல்லை, எதற்காகப் போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இதை எழுதுவதற்கு முன் எண்ணியைப் பார்த்தேன். பூஜ்யமாக இருந்தால் அழித்துவிடலாம் என்றிருந்தேன். 14 பாக்கெட்டுகள் போயிருக்கின்றன.