குறை கேட்கும் கலை: எல்டன் மேயோவின் ஹாத்தோர்ன் ஆய்வுகள்

மேலாண்மைப் பாடநூல் எதைத் திறந்தாலும் எல்டன் மேயோ இருப்பார். ஆஸ்திரேலியாவில் பிறந்து, 1926 முதல் 1947 வரை ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பணியாற்றியவர். சிகாகோவை ஒட்டிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஹாத்தோர்ன் ஆலை ஆய்வுகளே அவருக்குப் புகழ் தந்தன. தொழிலாளிக்குக் காது கொடுக்கச் சொன்னவர் என்ற பெயர் அவருக்குத் தகும். 1928-இல் அங்கே தொடங்கிய நேர்காணல்கள் 20,000-க்கும் மேற்பட்டோரைப் பேசவைத்தன. கேள்விப் பட்டியலோடு போனவர்கள் பிறகு அதை ஓரம் வைத்தார்கள்: தொழிலாளி விரும்பியதைப் பேசட்டும், குறுக்கிடாதே, அறிவுரை சொல்லாதே. களஆய்வுக்கு வருகிற எந்த மாணவருக்கும் முதலில் இதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

கேட்டதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதில்தான் கோளாறு. இந்த ஆய்வுகளைப் பற்றி ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939-இல் வெளியிட்ட நூலில் ஒரு தொழிலாளி பீஸ் ரேட் (உருப்படிக் கணக்கில் தரும் கூலி) போதவில்லை என்கிறார். மனைவி மருத்துவமனையில் இருப்பதும் டாக்டர் பில் பற்றிய கவலையும் பேச்சினூடே வெளிவருகின்றன. உடனே அந்தப் புகார் ரேட்டைப் பற்றியதாக இல்லாமல், அவருடைய குடும்ப நெருக்கடியின் வெளிப்பாடாக ஆகிவிடுகிறது. மனைவிக்கு வைத்தியம் பார்க்கப் போதாத கூலியைக் குறைந்த கூலி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அதே ஆலையில் ரிலே பொருத்தும் அறையில் நடந்த சோதனையின் கதையும் அப்படித்தான். அங்கிருந்த பெண்களின் உற்பத்தி உயர்ந்ததற்கு அக்கறையான கவனிப்பே காரணம் என்று வகுப்பறைகளில் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு முன் பெரிய குழுவின் உற்பத்தியோடு கட்டப்பட்டிருந்த கூலி, அவர்களுடைய சிறு குழுவின் உற்பத்திக்கு மாறியது. அதிகம் பேசுகிறார்கள் என்று 1928 ஜனவரியில் இருவரை நீக்கி, வேறு இருவரைச் சேர்த்தார்கள். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து 1967-இல் அலெக்ஸ் கேரி எழுதிய விமர்சனம் இன்னும் வலுவாகவே நிற்கிறது.

ஆய்வுக்காக 1931-32-இல் 14 ஆண்கள் வேலை செய்த இன்னோர் அறையில், அளவுக்கு மேல் உழைப்பவரின் புஜத்தில் சக தொழிலாளி குத்துவார். வேகம் கூடினால் ரேட்டை வெட்டுவார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம். பெருமந்தம் உச்சத்தில் இருந்தபோது அது விவரமறிந்தவர்களின் பயம். ஆய்வாளர்களோ அதைக் குழு உணர்ச்சியின் கணக்கில் எழுதினார்கள்.

நிர்வாகம் கதவைத் திறந்துவிட்டது, ராக்ஃபெல்லர் பணம் மேயோவின் ஆய்வுக்குத் துணைநின்றது. அதனால் மட்டும் ஓர் ஆய்வு கெட்டுவிடாது. ஆனால் மேயோ முரண்பாட்டையே சமூகத்தின் நோயாகப் பார்த்தார். தொழிற்சங்கத்துக்கு அவர் சிந்தனையில் இடமே இல்லை. தொழிலாளர்களின் கூட்டுப் பேர உரிமையை அமெரிக்காவின் வாக்னர் சட்டம் 1935-இல் உறுதிசெய்தது. மறு ஆண்டே ஹாத்தோர்னில் ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொழிலாளி சொல்வதை அவர்கள் பொறுமையாகக் கேட்கலாம். எந்தக் குறையையும் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்குத் தரப்படவில்லை.