தந்தை என்னும் பதவி

"பையன்கள் பட்ட பாட்டைப் பெண்ணியம் ஏன் பேச வேண்டும்?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். மாரியஸ் ஹோல்ஸ்ட் இயக்கிய ‘பாஸ்டோய் அரசன்’ (2010) படத்தைப் பார்க்கச் சொன்னேன். நோர்வேயின் பாஸ்டோய் தீவுச் சீர்திருத்தப் பள்ளியில் 1915இல் நடந்த கலகம்தான் கதை.

அங்கே சிறுவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கடுங்குளிரில் காட்டுவேலை செய்து முதுகொடிகிறார்கள். அவர்களைக் கண்காணிப்பவனுக்கு ‘இல்லத் தந்தை’ என்று பதவிப் பெயர். அவனே ஒரு சிறுவனைப் பாலியல் வதைக்கு ஆளாக்குகிறான். தெரிந்தும் நிர்வாகி மூடிமறைக்கிறார். அந்தச் சிறுவன் கடலில் இறங்கிச் சாகிறான். கலகம் அதன்பிறகே வெடிக்கிறது.

தந்தையின் அதிகாரம், நிறுவனத்தின் மானம், வதைபட்டவரின் வாயடைப்பு: நாம் வீட்டுக்குள்ளேயே அறிந்தவைதாமே இவை? ஆனால் நிர்வாகியின் மனைவிக்குப் படம் ஓர் ஓரத்தை மட்டுமே தருகிறது. எனக்கு அது குறையாகவே படுகிறது. அவர் கண்வழியாகவும் இக்கதையைப் பார்த்திருக்கலாம்.