சிவப்புக் கோடு எதை எண்ணுகிறது?

கூகுள் மேப்ஸை ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் என்ன என்று கொஞ்ச நாளாகவே ஒரு நினைப்பு. நாவலையும் கவிதையையும்தான் விமர்சனம் பண்ண வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையே. மார்த்தாண்டம் தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர், வடசேரியிலிருந்து கோட்டாருக்குச் சரக்கு கொண்டுபோகிறவர், எல்லாரும் வண்டியை எடுக்கும் முன்னால் அதைத்தான் வாசிக்கிறார்கள். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. வாசித்துவிட்டு அதன்படி நடக்கவும் செய்கிறார்கள். இவ்வளவு அதிகாரம் உள்ள பிரதியை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

முதலில் அது எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்போம். ரோட்டுக்கு மேலே யாரும் காமிரா வைத்துப் பார்க்கவில்லை. இருப்பிடத்தைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு போனும் தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று பெயரில்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு சாலைத் துண்டில் நகரும் போன்களின் வேகத்தைக் கூட்டிப் பார்த்து, அந்தத் துண்டில் சாதாரணமாக ஓடக்கூடிய வேகத்தோடு ஒப்பிட்டு நிறம் தீட்டுகிறார்கள். அமெரிக்காவில் 2007-ல் வந்தது. போன்களிலிருந்து வேகத்தை எடுக்கிறோம் என்று 2009-ல் கூகுளே விளக்கி எழுதியது. இந்தியாவுக்கு 2012-ல், சென்னை உட்பட ஆறு நகரங்களுக்கு வந்தது.

இதற்குப் பின்னால் ஒரு அழகான பரிசோதனை இருக்கிறது. 2008 பிப்ரவரி 8 அன்று பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் நோக்கியாவோடு சேர்ந்து 100 கார்களில் நோக்கியா என்95 போன்களை வைத்து, மாணவர்களை ஓட்டவிட்டு, சான் பிரான்சிஸ்கோ பக்கத்து நெடுஞ்சாலை ஒன்றில் நாள் முழுக்கச் சுற்றவிட்டார்கள். ஓட்டுநர்களில் 2 முதல் 3 சதவீதம் பேரிடம் இப்படி ஒரு போன் இருந்தால் போதும், மொத்தச் சாலையின் வேகத்தையும் சரியாகச் சொல்லிவிடலாம் என்பது முடிவு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதேதான்.

ஆனால் அந்தப் பழமொழி ஒரே பானை, ஒரே அரிசி என்று வைத்துக்கொண்டு சொன்னது. கலிபோர்னியா நெடுஞ்சாலையில் காரும் லாரியும் தடம் பிடித்துப் போகும். நாகர்கோவில் செட்டிகுளம் சந்திப்பில் என்ன போகிறது? பஸ், ஆட்டோ, பைக், கல் ஏற்றிய டாரஸ், நடுவில் கைக்குழந்தையோடு குறுக்கே நடக்கும் ஒரு அம்மா. பஸ் நின்றுகொண்டிருக்கும்போதே பைக் இடுக்கில் நுழைந்து போய்விடும். யாருடைய வேகத்தை ரோட்டின் வேகம் என்பது? இந்தச் சிக்கல் கூகுளுக்கும் தெரியும். 2017 கடைசியில் இருசக்கர வாகன வழியை முதலில் இந்தியாவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். 2020-ல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் பெர்லினில் ஒரு கைவண்டியில் 99 போன்களைப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்து, காலி ரோட்டைச் சிவப்பாக்கிக் காட்டினார். அதற்குப் பதில் சொன்ன நிறுவனம், இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் காரையும் பைக்கையும் பிரித்தறிய முடிகிறது என்றது. கைவண்டியைப் பிரித்தறியும் வழி இன்னும் பிடிபடவில்லை போல.

நம்ம ஊர் ஆட்டோக்காரர் ஒருத்தர் சொன்னார்: "மேப்பு நேரா போன்னு சொல்லும் சார். ஸ்கூல் விடுக நேரம்னு அதுக்குத் தெரியுமா?" நியாயமாகச் சொன்னால், தெரியும். தினமும் நாலு மணிக்கு அந்தத் துண்டு மந்தமாகும் என்கிற பழைய கணக்கையும் இப்போதைய வேகத்தையும் சேர்த்துத்தான் அது நேரம் சொல்கிறது. 97 சதவீதத்துக்கும் மேலான பயணங்களில் தங்கள் கணிப்பு சரி என்று 2020-ல் எழுதினார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் மந்தம் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், அங்கே பிள்ளைகள் நிற்பது தெரியாது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் இரண்டரை கிலோமீட்டர் இரும்புப் பாலம், 2019-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மேலே வண்டிகள் பறக்கும், கீழே சந்தைக் கூட்டத்தில் ஊரும். ஜிபிஎஸ்ஸுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி, ஏனென்றால் உயரத்தைச் சொல்வதில் அது பக்கவாட்டை விட மோசம். 2024 மே மாதம் அந்தப் பாலத்தில் ஓட்டை விழுந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். அந்த மாதிரி நாளில் வேகக் கணக்குக்குத் தெரியக்கூடியது, மேலே போன்கள் வரவில்லை என்பது ஒன்றுதான். அதே வருடம் ஜூலையில் மேம்பாலத்தில் ஏறவா வேண்டாமா என்று சொல்லும் வசதியை 40 நகரங்களுக்கு அறிவித்தார்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது டாரஸ் விஷயம். இங்கேயிருந்து கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் கொண்டுபோகும் லாரிகளால் நடந்த விபத்துகளையும் மறியல்களையும் மாவட்டத்தில் எல்லாரும் அறிவார்கள். மேப்பின் எண்ணிக்கை அலகு போன். நாற்பது டன் லாரியும் ஒரு போன், ஸ்கூட்டியும் ஒரு போன். ராத்திரி பதினொரு மணிக்கு டாரஸ்கள் தக்கலை வழியாக விரட்டிக்கொண்டு போனால் அந்தச் சாலை நல்ல பச்சையாகத் தெரியும். ரோட்டோரம் நடக்கிறவனுக்கு அந்த நேரம்தான் பயம். வண்டிக்காரன் கண்ணால் மட்டும் எழுதப்பட்ட பிரதி என்று நான் சொல்வது இதைத்தான்.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறை, களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் எழுந்தருளுவார்கள். எந்த நாள், எந்த வழி என்பது ஊருக்கே தெரியும், பேப்பரிலும் வந்துவிடும். வேகக் கணக்கோ கூட்டம் கூடின பிறகுதான் விழிக்கும். விழித்ததும் அதைத் தாமதம் என்று எழுதும், எத்தனை நிமிடம் என்று கணக்கும் போடும்.

அடுத்தது, மாற்றுவழி. நெடுஞ்சாலை சிவந்தால் மேப் வண்டியைக் குளத்தங்கரை ரோட்டில் திருப்பிவிடும். தண்ணீரைத் தேக்குவதற்குப் போட்ட கரை அது. எதிரே ஒரு வேன் வந்தால் யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். குறுகிய சாலைகளைத் தவிர்க்கும் வசதி 2024-ல் எட்டு நகரங்களுக்கு வந்தது. சென்னையும் கோவையும் அதில் உண்டு, நாகர்கோவில் இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் லியோனியா என்கிற சின்ன ஊர் 2018 ஜனவரியில், இந்த ஆப்கள் அனுப்பும் வண்டிகள் தொல்லை தாங்காமல், காலையும் மாலையும் தன் தெருக்களை வெளியூர்க்காரர்களுக்கு மூடியது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. நம் ஊராட்சிகள் அந்த அளவுக்கு வேண்டாம், கரையில் ஒரு போர்டாவது வைக்கலாம்.

இன்னொன்று. பெர்க்லிக்காரர்கள் போனைத் தொடர்ந்து பின்தொடரவில்லை. சாலையில் கற்பனையாகச் சில கோடுகளைக் குறித்து, அதைக் கடக்கும்போது மட்டும் வேகத்தைச் சொல்லும்படி வைத்தார்கள். தனிமனித அந்தரங்கத்துக்காகவே செய்த ஏற்பாடு அது. இப்படியும் செய்ய முடியும் என்று 2008-லேயே தெரிந்திருந்தது. நம்முடைய 2023-ம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தரவைப் பற்றிப் பேசுகிறது. நாம் எல்லாரும் சேர்ந்து உண்டாக்குகிற இந்த வேகக் கணக்கு யாருக்குச் சொந்தம் என்று அது பேசுவதில்லை. டாரஸ்களுக்கு நேரக் கட்டுப்பாடு போட வேண்டுமென்றால், எந்தச் சாலையில் எந்த மணிக்கு எவ்வளவு வேகம் என்ற கணக்கு மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டாமா? பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் சிக்னல் நேரத்தைச் சீர்செய்யக் கூகுள் தன் கணக்கைப் பயன்படுத்தித் தருகிறது. நாகர்கோவில் மாநகராட்சி கேட்டுப் பார்க்கலாமே.

குறைந்தபட்சம், அந்தக் கோட்டைத் தொட்டால் எத்தனை போனை வைத்து இந்த நிறம் என்று ஒரு எண் வரட்டும். பெர்க்லிக்காரர்கள் தங்கள் கட்டுரையின் சுருக்கத்திலேயே அந்தச் சதவீதத்தைச் சொல்லியிருந்தார்கள்.