ஒரு கேள்வித்தாளும் அதன் மொழிபெயர்ப்பும்

மொழிபெயர்ப்பு என்பது மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதா, படிப்பவனுக்கு விசுவாசமாக இருப்பதா என்ற விவகாரத்தை நம் பத்திரிகைகள் எத்தனையோ தடவை விசாரித்துவிட்டன. ரஷ்ய நாவலும் பிரெஞ்சுச் சிறுகதையும்தான் எப்போதும் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றன. தப்பாகப் போனால் என்ன நஷ்டம்? ஒரு நல்ல நாவல் தமிழில் மோசமான நாவலாகிவிடும். வாசகன் நாற்பது பக்கத்தில் மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பான். யாருக்கும் சேதமில்லை. ஆனால் மொழிபெயர்ப்புப் பிசகினால் மனுஷர்களுக்கே சேதம் வருகிற ஒரு நூலைச் சமீபத்தில் படித்தேன். நூல் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அது ஒரே ஒரு தாள்.

வயதானவர்களின் ஞாபகசக்தியைச் சோதிக்கிற கேள்வித்தாள் அது. 1975ல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டைன், அவர் மனைவி ஸூஸன் ஃபோல்ஸ்டைன், பால் மக்ஹ்யூ ஆகிய மூவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். 'மினி மென்டல் ஸ்டேட்' பரீட்சை என்று பெயர். மொத்தம் 30 மார்க். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இது எந்த வருஷம், என்ன மாதம், என்ன கிழமை, என்ன பருவம்? நாம் இருக்கிற ஊர் எது, கட்டிடம் எது, எத்தனையாவது மாடி? மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்வது. 100லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது, அல்லது ஒரு சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக் கூட்டச் சொல்வது. பிறகு அந்த மூன்று சொற்களை மறுபடி கேட்பது. ஒரு பென்சிலையும் கைக்கடிகாரத்தையும் காட்டிப் பெயர் கேட்பது. ஒரு வாக்கியம் எழுதச் சொல்வது. ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொல்வது. 24க்குக் கீழே இறங்கினால் சந்தேகத்துக்கு இடமுண்டு என்று உலகமெங்கும் டாக்டர்கள் வைத்துக்கொண்டார்கள். கால் நூற்றாண்டு வரை எல்லோரும் தாராளமாகப் பிரதி எடுத்து உபயோகித்துவந்த இந்தத் தாள், 2001ல் ஒரு பதிப்பகத்தின் கைக்குப் போய், இப்போது காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்காகிவிட்டது. எழுத்தாளன் என்ற முறையில் உரிமைத் தொகையை நான் ஆட்சேபிக்க முடியாது. இருந்தாலும் 'இன்று என்ன கிழமை' என்று கேட்பதற்குக் கட்டணம் என்றால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

குறை சொல்வதற்கு முன்னால் இதன் அமைப்பைப் பாராட்டிவிட வேண்டும். அந்த மூன்று சொல் விவகாரம் கைதேர்ந்த சிறுகதைக்காரன் வேலை. சொற்களுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்கக் கூடாது. அவற்றைச் சொல்லவைத்து, மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, உடனே கணக்கில் இழுத்துவிடுகிறார்கள். நாக்கு நுனியில் முணுமுணுத்துக்கொண்டிருந்ததையெல்லாம் அந்தக் கணக்கு துடைத்துவிடுகிறது. அதற்கு மேலும் நிற்பது எதுவோ அதுதான் உள்ளே போய்ச் சேர்ந்தது. அல்ஸைமர் நோய் பெரும்பாலும் முதலில் கை வைப்பது மூளையில் புதிய ஞாபகத்தைச் சேமிக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில். ஆகையால் அந்த நோயாளிக்கு 'அது ஒரு பழம்' என்று அடி எடுத்துக் கொடுத்தாலும் அநேகமாக வராது, சேமித்தால்தானே எடுக்க? மனச்சோர்விலோ கவலையிலோ இருக்கிறவருக்கு அந்த ஒரு குறிப்பு போதும், சொல் வந்துவிடும். இரண்டு பேரும் 'ஞாபகமில்லை' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு மறதியும் ஒன்றல்ல. மூன்று சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் மனுஷனுக்குள் போய்ப் பார்க்க முடிகிறதே, அதை நான் லேசாக எண்ணவில்லை.

சங்கடம் தமிழில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் வழக்கமாகக் கேட்கிற மூன்று சொற்கள் ஆப்பிள், மேஜை, பென்னி. பென்னியைத் தமிழில் என்ன செய்வது? 'நாணயம்' என்று போடுகிறவர்கள் உண்டு. அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் அகராதியைப் பேசுகிற கிழவி எந்த ஊரில் இருக்கிறாள்? அவள் வாயில் அது காசு. 'நாணயம்' அவள் வாயில் வந்தால், 'நாணயமான மனுஷன்' என்ற அர்த்தத்தில்தான் வரும்.

இது கற்பனையான ஆட்சேபணை அல்ல. எங்கள் அத்தை ஒருத்திக்கு எழுபத்தெட்டு வயசில் இந்தப் பரீட்சை நடந்தபோது கூட இருந்தேன். பள்ளிக்கூடத்தின் பக்கம் போனதில்லை. நாற்பது வருஷம் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவள். நல்ல சுபாவமுள்ள இளம் டாக்டர். "பாட்டி, மூணு வார்த்தை சொன்னேனே, என்ன?" என்று கேட்டார். "ஆப்பிளு, மேசை, அப்புறம் மனுசன் ஒழுங்கா இருக்கணும்னு சொன்னீங்களே தம்பி" என்றாள் அத்தை. டாக்டர் சிரித்துவிட்டு அந்த மார்க்கைக் குறைத்தார். அவருக்கு வேறு வழியில்லை, தாளில் அப்படித்தான் இருக்கிறது. வருஷம் கேட்டதற்கு, "அது எழுதறவங்களுக்கு வேணும்" என்றாள். மாதம் ஆடி என்றாள். ஆடிதான், ஆனால் தாளில் ஆகஸ்ட். மொத்தம் 19. ஊருக்குத் திரும்பிய மறுநாளே அவள் மகன் பெட்டிச் சாவியையும் பால் கணக்கையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். அவனும் கெட்டவனில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த நம்பருக்குக் கட்டுப்பட்டான். எந்த வீட்டில் எத்தனை நாள் பால் நின்றது, யார் எவ்வளவு பாக்கி என்று அத்தை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அதன் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், கேட்கத்தான் ஆளில்லை.

மற்றக் கேள்விகளையும் இதே மாதிரி தமிழில் வைத்துப் பாருங்கள். பின்னாலிருந்து எழுத்துக் கூட்ட ஆங்கிலத்தில் கொடுக்கிற சொல் 'வேர்ல்ட்'. ஐந்து எழுத்து, ஐந்து மார்க். 'உலகம்' என்று மாற்றினால் நாலு எழுத்துத்தான். ஐந்தாவது மார்க்குக்கு எங்கே போவது? எழுத்தே தெரியாதவர்களுக்கு அது நாலும் இல்லை, ஐந்தும் இல்லை. 'எத்தனையாவது மாடி' என்கிறது தாள். அமெரிக்கனுக்குத் தரையோடு இருப்பதே முதல் மாடி. நமக்கோ கீழே உட்கார்ந்திருந்தால் மாடி என்ற பேச்சே கிடையாது. நியூயார்க்கில் பருவங்கள் நாலு. நம் இலக்கண நூல்களில் ஆறு. நடைமுறையில் வெயில், மழை, கொஞ்சம் பனி. காகிதத்தை வலது கையால் வாங்கி, இரண்டாக மடித்துத் தரையில் போடச் சொல்கிறார்கள். எழுத்துள்ள காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற தலைமுறையில் ஒருத்தி தயங்கினால், அது மறதியா?

எல்லாவற்றிலும் கஷ்டமானது திருப்பிச் சொல்லவேண்டிய ஒரு சின்னத் தொடர். 'இஃப்', 'ஆண்ட்', 'பட்' என்ற மூன்று பொடிச் சொற்களையும் பன்மையாக்கி அடுக்கி, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்கிற ஆங்கில வழக்கு. அர்த்தத்துக்காக அதைக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட பொடிச் சொற்களில்தான், மூளையின் பேச்சுப் பகுதி பழுதுபட்டவரின் நாக்கு முதலில் இடறும். தமிழில் 'இஃப்' தனிச் சொல்லே அல்ல, வினையின் வாலில் 'ஆல்' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஆண்ட்' என்பது 'உம்'. வாலை மட்டும் வெட்டி எடுத்து எப்படிக் கொடுப்பது? 'ஆனால், ஆகவே, மற்றும் என்பதற்கெல்லாம் இடமில்லை' என்று எழுதிவிட்டால், அது பரீட்சையாக இராது, மேடைப் பிரசங்கமாகிவிடும்.

'படிக்காதவர்கள் மார்க் குறைவாக வாங்குவது இயல்புதானே, அதை மொழிபெயர்ப்பின் தலையில் ஏன் கட்டுகிறீர்?' என்று கேட்கலாம். மூலத்திலேயே அந்தக் கோளாறு இருக்கிறது என்பதுதான் என் கட்சியும். அமெரிக்காவில் 18,000க்கு மேற்பட்டவர்களின் மார்க்குகளை 1993ல் பிரசுரித்தார்கள். ஒன்பது வருஷத்துக்குக் குறையாமல் படித்தவர்களின் நடு மார்க் 29. நாலு வருஷமும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்களின் நடு மார்க் 22. அதாவது அவர்களில் பாதிக்குக் குறையாத பேர், அமெரிக்காவிலேயே, 24 என்ற கோட்டுக்குக் கீழே. எழுதியவர்கள் மனசில் ஒரு வாசகனை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அவன் பள்ளிக்கூடம் போனவன், காலண்டர் பார்க்கிறவன், பென்சில் பிடித்தவன். அவன் அல்லாத ஒருவன் கையில் தாள் போய்ச் சேர்ந்தால், அவன் மறந்தது எவ்வளவு, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காதது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தத் தாளால் ஆகாது.

2005ல் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வெளிவந்த நஸ்ரெடீனின் பரீட்சை இன்னும் கூர்மையானது, ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கக்கூடியது என்கிறார்கள். அதுவும் 30 மார்க். கடிகாரம் வரைய வேண்டும். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் என்று படம் பார்த்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மார்க் கூடப் போட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இண்டர்மீடியட்டோடு நிறுத்திக்கொண்ட எனக்கும் அந்த ஒரு மார்க் உண்டு. பள்ளிக்கூடத்தையே பார்க்காத என் அத்தைக்கும் அதே ஒரு மார்க். இந்தத் தர்மம் போதாது என்று பிற்பாடு அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும். படிப்புக் குறைந்தவர்களுக்கென்று தனித் தாளே தயாரித்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஏமாற்றம் உண்டு. நாற்பது வருஷம் கேள்வித்தாள் தயாரித்த ஹெட்மாஸ்டர் 30க்கு 29 வாங்கிவிட்டு வெளியே வருவார். ஒரே சமாச்சாரத்தைக் காலையிலிருந்து நாலு தடவை அவர் சொல்வதைக் கேட்ட அவர் சம்சாரத்துக்குத்தான் தெரியும், உள்ளே எது கரைந்துகொண்டிருக்கிறது என்று. நல்ல டாக்டர்கள் இதனால்தான் தாளோடு நிற்காமல் வீட்டாரையும் விசாரிக்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். ஹரியானாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் மறதி நோயைக் கணக்கெடுக்க இந்தியர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து முனைந்தார்கள். ஐம்பத்தைந்து வயசுக்கு மேற்பட்ட 5,126 பேர், அவர்களில் 73.3 சதவிகிதம் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்காகப் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த மேரி கங்குலி முதலானவர்கள் ஃபோல்ஸ்டைன் தாளை ஹிந்தியில் ஆக்கி 1995ல் வெளியிட்டார்கள். எழுதுவது, கிராமத்தில் போய்க் கேட்டுப் பார்ப்பது, பிசகின இடத்தைத் திருத்துவது, மறுபடி கேட்பது என்று பாடுபட்டிருக்கிறார்கள். பலனைப் பாருங்கள். ஆப்பிளும் மேஜையும் பென்னியும் மாம்பழமும் நாற்காலியும் காசுமாக மாறின. பின்னாலிருந்து எழுத்துக் கூட்டுவதற்குப் பதில், ஞாயிறு, சனி, வெள்ளி என்று கிழமைகளைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். எழுத்து வேண்டாம், ஆனால் மனசு படவேண்டிய பாடு அதேதான். 'கண்ணை மூடு' என்று எழுதியதைப் படித்துச் செய்யச் சொன்ன இடத்தில், 'என் முகத்தைப் பார், நான் செய்கிறபடி செய்' என்று சொல்லிக் கேட்பவரே கண்ணை மூடிக் காட்டுகிறார். அந்தத் தீராத ஆங்கிலத் தொடருக்கு 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்று போட்டார்கள். அர்த்தத்தைக் கைவிட்டார்கள், அந்தத் தொடர் எதற்காக அங்கே இருந்ததோ அந்தக் காரியத்தைக் காப்பாற்றினார்கள். மூலத்துக்கு விசுவாசம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நம் நாவல் மொழிபெயர்ப்புகளில் நான் பார்த்ததில்லை.

பின்னால் வந்தவர்களுக்கும் இது உதவியிருக்கிறது. 2017ல் தொடங்கி இந்தியா முழுவதும் அறுபது வயசு தாண்டிய 4,096 பேரைப் பரீட்சித்தபோது இந்த ஹிந்தித் தாளும் உபயோகப்பட்டது. அந்த ஆராய்ச்சியிலிருந்து 2023ல் ஒரு கணக்கு வந்தது: அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. பெண்களிடமும் படிக்காதவர்களிடமும் கிராமத்தாரிடமும் அதிகம் என்றும் சொல்கிறது. படிப்பில்லாமை உண்மையாகவே மூளையை நோய்க்கு எளிதில் விட்டுக்கொடுக்கும் என்பதற்கு வேறு சான்றுகள் இருக்கின்றன. ஆகவே அந்தக் கணக்கை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கணக்கைப் பார்க்கிறபோதெல்லாம், கேள்வியை அந்தந்தப் பாஷையில் எழுதியது யார், வாட்சு என்று சொன்னவளுக்கு மார்க் போட்டார்களா, கைக்கடிகாரம் என்றுதான் சொல்லவேண்டும் என்று நின்றார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. பேச்சுத் தமிழைக் கதையில் எழுதலாமா என்று நாம் சண்டை போட்டோம். ஆஸ்பத்திரித் தாளில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. அங்கே எழுத்துத் தமிழ் எழுதுகிறவர், நோயில்லாதவளை நோயாளியாக்கிவிடுவார்.

ஹிந்தித் தாளில் ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. 'ஒரு வாக்கியம் எழுது' என்று மூலத்தில் இருக்கிற இடத்தில், 'உன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்' என்று கேட்கிறது. முப்பது மார்க்கில் அதற்கு ஒரே ஒரு மார்க். மூலத்தின் விதிப்படி, வாக்கியத்தில் எழுவாயும் வினையும் இருக்க வேண்டும், அர்த்தமும் வேண்டும், அப்போதுதான் மார்க். இந்தக் கேள்வியைத் தமிழில் வைக்கப் போகிறவர் அந்த விதியை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும். 'எங்க வீடு ஓட்டு வீடு' என்பாள் கிழவி. அதில் வினைச்சொல் கிடையாது.