தங்கவயல் தூசியும் சார்ஜ் போடும் ஏர்பிரஷும்

தனி கம்ப்ரஸரும் நீளக் குழாயும் இல்லாமல், கைப்பிடிக்குள்ளேயே பேட்டரியும் குட்டி மோட்டாரும் வைத்த ஏர்பிரஷ்கள் இப்போது ஆன்லைனில் ஏறக்குறைய இரண்டாயிரம் முதல் நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஒரே பொருள் பத்துப் பெயரில் வருகிறது, டப்பாவின் நிறம்தான் மாறுகிறது. அதனால் பிராண்ட் பெயரைச் சொல்லிப் பயனில்லை. என்னிடம் இருப்பதில் 0.3 மி.மீ. நாசில், மேலே பெயின்ட் ஊற்ற ஒரு சின்னக் கிண்ணம், டைப்-சி சார்ஜிங். விசையை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் பெயின்ட் வரும். நகத்தில் டிசைன் போடவும் கேக் அலங்கரிக்கவும் என்று விளம்பரப் படங்கள் சொல்கின்றன. சரக்கு வேகனுக்கு என்று எவரும் சொல்லவில்லை. நான் வாங்கியது அதற்குத்தான்.

கோலார் தங்கவயலின் பாலகாட்டில் உட்கார்ந்து மாடல் ரயில் செய்கிறவனுக்கு எந்தப் பாதையைச் செய்வது என்ற குழப்பம் வராது. 1894-ல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை சுமார் 16 கிலோமீட்டருக்குப் போட்ட பிராட்கேஜ் கிளை இருக்கிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்கள். கடைசியில் பாதை முடிந்துவிடும். மேஜை மேல் ரயில் ஓட்டுபவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பாதையின் வேடிக்கை தெரியும். 120 ஆண்டுகளில் கோலார் தங்கவயலில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். இன்றைய பாக்ஸ்என் வேகன் ஒன்று 58 டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றும். ஆக மொத்தத் தங்கமும் 14 வேகனில் அடங்கிவிடும். அதை எடுக்கக் கீழே போன மரம், இரும்பு, நிலக்கரி, இயந்திரம் ஆகியவற்றுக்குத்தான் பாதையே தேவைப்பட்டது. அரைத்துக் கொட்டிய மண்ணோ எங்கும் போகவில்லை. 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்று சொல்லப்படும் சைனைடு மலைகள் இன்னும் நம் வீட்டுப் பின்னால்தான் நிற்கின்றன.

நான் எடுத்துக்கொண்ட காலம் 1960-கள். 1951 ஏப்ரலில் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா, சவுத் இந்தியன், மைசூர் ஸ்டேட் மூன்றும் ஒன்றாகித் தெற்கு ரயில்வே ஆனது. இந்தக் கிளை அதன் கையில் இருந்த காலம் அது. தென்மேற்கு ரயில்வே வந்தது 2003-ல். எனவே எனக்கு வேண்டியவை நான்கு சக்கர மூடு வேகன்களும் திறந்த வேகன்களும். இவை கடையில் கிடைக்காது. அரை மி.மீ. ஸ்டைரீன் ஷீட்டை வெட்டி ஒட்டி, ரிவெட் தலைகளைப் பின்பக்கத்திலிருந்து காம்பஸ் முள்ளால் அழுத்தி எழுப்ப வேண்டும்.

அளவிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. உலகெங்கும் எளிதாகக் கிடைக்கும் எச்ஓ, அதாவது 1:87 அளவுக்கான தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்கு அது சரி. நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ., அதை 87 ஆல் வகுத்தால் 19.3 வரும். உடம்பைச் சரியான அகலத்தில் செய்து 16.5-ல் நிறுத்தினால், முன்னாலிருந்து பார்க்கும்போது வேகன் கால் ஒடுங்கி நிற்கும். பிரிட்டனில் ஓஓ அளவுக்காரர்களுக்கும் இதே தொல்லை. அங்கே பிடிவாதக்காரர்கள் பி4 என்று 18.83 மி.மீ. பாதையைத் தாமே போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பாதை நம் எச்ஓ பிராட்கேஜுக்கு அரை மி.மீ.க்கும் குறைவான வித்தியாசத்தில் வந்து நிற்கிறது. துணிந்தவர்கள் அதைப் பார்க்கலாம். பங்காரப்பேட்டை–கோலார் பழைய குறும்பாதையைச் செய்கிறவர் பாடு கொண்டாட்டம்: 762 மி.மீ.யை 87 ஆல் வகுத்தால் 8.8. கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் அப்படியே பொருந்தும்.

ஏர்பிரஷ் விஷயத்துக்கு வருகிறேன். தூரிகையால் அடித்தால், முள்ளால் எழுப்பிய ரிவெட்டெல்லாம் இரண்டாவது கோட்டிலேயே மூழ்கிவிடும். பலகை இடுக்குகளில் பெயின்ட் தேங்கும். இந்தக் கருவி அந்த இடத்தில் தன் விலையைச் சம்பாதிக்கிறது. பாலைப் போல ஓடும் அளவுக்குப் பெயின்டைக் கரைத்து, 8–10 செ.மீ. தள்ளிப் பிடித்து, வேகனுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டினால், மூன்று மெல்லிய கோட்டில் ஒரு மூடு வேகன் தயார். ஒவ்வொரு ரிவெட்டும் தெரியும்.

நிறத்துக்காக வெளிநாட்டுப் பாட்டில் தேட வேண்டாம். ராபர்ட்சன்பேட்டை ஹார்டுவேர் கடையில் கேட்டுக்கு அடிக்கக் கொடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர், வெயில் படாத புது வேகனின் நிறத்துக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. நிறமித் துகள் முரடு என்பதால் பழைய நைலான் சாக்ஸில் வடிகட்டியே கிண்ணத்தில் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் 0.3 நாசில் உடனே அடைத்துக்கொள்ளும். டர்பன்டைன் கலந்த பிரைமர் சில ஸ்டைரீனைச் சுருக்கிவிடும். வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதைச் சிபாரிசு செய்ய என்னைத் தூண்டியது புது நிறம் அல்ல, தூசி. பெயின்டில் ஒரு பங்கு, தின்னரில் எட்டுப் பங்கு என்று நீர்க்க விட்டு அடித்தால், நிறம் தெரியாமல் படலம் மட்டும் படியும். தூரிகை எத்தனை மெல்லியதாக இருந்தாலும் இதைச் செய்யாது. சாம்பலும் வெளிர்மஞ்சளும் கலந்த நம் ஊர்த் தூசியை நம் ஊர்க்காரர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு கலக்கலாம். ஆடிக் காற்றில் ஜன்னலைச் சாத்தி வைத்து வளர்ந்தவர்கள்தானே.

அந்தத் தூசியை எங்கே அடிப்பது என்பதில் பலர் கவனம் வைப்பதில்லை. மாடல் படங்களில் எல்லா வேகனும் ஒரே தூசியில் முங்கி நிற்கும். வேகன் ஊர் ஊராகப் போய் வருவது. ஜோலார்பேட்டை யார்டின் கரியும், வேறெங்கோ ஏறிய செம்மண்ணும், பிரேக் கட்டை தேய்ந்த பழுப்பும் அதன் மேல் இருக்க வேண்டும். சைனைடு மண் படிய வேண்டியது நகராத பொருள்களில்: நிலையத்தின் கூரை, பிளாட்பாரத்துப் பெஞ்சு, சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் நெளி தகரம், ஷாஃப்ட் கோபுரத்தின் இரும்புச் சட்டங்கள். அதுவும் ஆடிக் காற்று வரும் மேற்குப் பக்கத்திலிருந்து மட்டும். மேஜையின் ஒரு விளிம்பை மேற்கு என்று முடிவு செய்து, எல்லாக் கட்டடத்துக்கும் அந்தத் திசையிலிருந்தே சாய்வாக அடித்தேன். தூசி இப்படி ஒரு பக்கமாகப் படிந்த பிறகு, அதுவரை தனித்தனி அட்டைப் பெட்டிகளாக நின்றவை ஒரே ஊராகிவிட்டன.

ஷாஃப்ட் கோபுரத்துக்கும் இந்தக் கருவிதான் சரி. குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் போன மாடலில் தூரிகை நுழைந்தால் மூலைக்கு மூலை பெயின்ட் திரளும். தெளித்தால் பாதி காற்றில் வீணாகும், மீதி சீராகப் படியும்.

நிலையத்தின் சின்னச் சாமான்களுக்கு இதை எடுக்கவே வேண்டாம். நிஜத்தில் 30 செ.மீ. உயரமுள்ள தீயணைப்பு வாளி இங்கே மூன்றரை மி.மீ. சிவப்பு வாளியின் உள்ளே கறுப்பு அடிக்க மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். மூன்று சைபர் தூரிகையும் நல்ல வெளிச்சமும் போதும். மஞ்சள் பெயர்ப் பலகையின் மஞ்சளை மட்டும் தெளிக்கலாம். கன்னடம், இந்தி, ஆங்கிலம் மூன்றும் கையால் எழுதினால் நடுங்கும். டீகால் தாளில் அச்சடித்து ஒட்டுவதே மேல். கடல்மட்ட உயரம் எழுதும் வரி ஒரு மி.மீ. அளவுக்கு வரும், வாசிக்க முடியாது. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் பலகை பொய்யாகத் தெரியும்.

குறைகளைச் சொல்ல வேண்டும். காற்றைச் சேர்த்து வைக்கும் டாங்க் இல்லாததால் மோட்டாரின் துடிப்பு பெயின்டில் தெரிகிறது. பரந்த இடத்தில் கண்ணுக்குப் படாது; மெல்லிய கோடு இழுத்தால் முத்து முத்தாகத் திக்கும். சார்ஜ் குறையக் குறைய அழுத்தமும் இறங்குகிறது. பெட்டியில் போட்டிருந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான், அரை மணி அளவுக்கு, ஒழுங்காக வேலை செய்கிறது. பேட்டரி பின்னால் இருப்பதால் கனம் மணிக்கட்டில் இறங்குகிறது. அக்ரிலிக் போட்டால் ஊசி நுனியில் காய்ந்துபோகும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நுனியைத் துடைக்கவோ, ரிடார்டர் இரண்டு சொட்டு கலக்கவோ வேண்டும். வேலை முடிந்ததும் ஊசியை உருவிக் கழுவாதவர் இதை வாங்குவது வீண். நாசில் கடுகு அளவு. கழற்றும்போது கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

மாஸ்க் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்குக்கு என்95 போதும். தின்னரும் டர்பன்டைனும் என்றால் கரிம ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். கல்தூசி நெஞ்சில் இறங்கி இருமியே போனவர்கள் ஒவ்வொரு லைனிலும் இருந்த ஊர் இது. பொம்மைத் தூசி அடிக்கப் போய் நிஜத் தூசியை இழுக்க வேண்டாம்.

யார் வாங்கலாம்? மாதத்துக்கு இரண்டு மூன்று வேகனும் ஒரு கட்டடமும் முடிப்பவர், வீட்டில் கம்ப்ரஸர் சத்தத்துக்குத் திட்டு வாங்குபவர், மாடியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து அடிப்பவர் தாராளமாக வாங்கலாம். ஒரு முழு ரேக்கையே ஒரே நிறத்தில் முடிக்க நினைப்பவர் காத்திருந்து, மூன்று லிட்டர் டாங்க் வைத்த மேஜைக் கம்ப்ரஸருக்கே காசு சேர்க்கட்டும்; விலை இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும், காற்று சீராக இருக்கும். எதை வாங்கினாலும் அந்த ஆர்டரிலேயே ஒரு ஊசியும் இரண்டு நாசிலும் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். இந்தப் பெயரில்லாப் பொருள்களுக்கு உதிரி பாகம் பிறகு தேடினால் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மரை பொருந்துவதில்லை.