சும்மா இருப்பவர்கள்

தமிழில் 'சும்மா' அளவுக்கு வேலை வாங்கப்பட்ட சொல் வேறு உண்டா என்று தெரியவில்லை. சைவ மரபில் சும்மா இருத்தல் முத்தியின் வாசல். அதே சொல் வீட்டுக்குள் வரும்போது வசவாகிவிடுகிறது. "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் நான்கு பேருக்குச் சமைத்து, துவைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து நிற்கிற பெண் "இல்லைங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்கிறாள். கை கால் முடங்கி வீட்டோடு இருப்பவரைப் பற்றியும் தெரு இதையே சொல்கிறது: "பாவம், சும்மாதான் இருக்காரு." ஒரு 'சும்மா'வில் கூச்சம் இருக்கிறது, இன்னொன்றில் இரக்கம். இரண்டும் சம்பளச் சீட்டு இல்லாத உடலைக் குறிக்கின்றன.

2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், இந்தச் சொல்லின் ஒரு பாதியை அரசாணையிலேயே மறுத்தது. மாதம் 1,000 ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் அதற்கு 'உதவி' என்று பெயர் வைக்காமல் 'உரிமை' என்று வைத்ததும், அதற்கான விளக்கத்தில் குடும்பத் தலைவியின் ஊதியமில்லாத உழைப்பைச் சுட்டியதும் சிறிய காரியமல்ல. வீட்டு வேலைக்கு ஊதியம் என்ற முழக்கம் 1972 முதல் ஐரோப்பியப் பெண்ணியர்களிடம் இருந்தது. செல்மா ஜேம்ஸ், மரியாரோசா தல்லா கோஸ்தா, சில்வியா ஃபெதரிச்சி ஆகியோர் அதற்காக எழுதினார்கள், அலைந்தார்கள், கேலிக்கும் ஆளானார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதன் நிழலாவது ஓர் இந்திய மாநிலத்தின் வங்கிக் கணக்குகளில் விழுந்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் உரிமை என்று பெயரிட்ட திட்டத்தின் விண்ணப்பத்தை, இலக்கியம் படித்தவள் என்ற முறையில், ஒரு பிரதியாக வாசித்தால் அதன் மையச் சொல் 'உரிமை' இல்லை என்பது தெரிகிறது. மையச் சொல் 'தகுதி'. தேர்தல் வாக்குறுதியாக இருந்தபோது குடும்பத் தலைவிகளுக்கு என்றிருந்தது, 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 'தகுதிவாய்ந்த குடும்பத் தலைவிகள்' என்றானது. அந்த ஓர் அடைமொழியைச் சுற்றித்தான் அன்று அத்தனை சர்ச்சையும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் தாண்டக் கூடாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். கார், ஜீப், டிராக்டர் கூடாது. அரசு ஊழியர் குடும்பம் கூடாது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்தான். சுமார் 1 கோடியே 63 லட்சம் பெண்கள் விண்ணப்பித்து, முதல் கட்டத்தில் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். பின்னர் சில தளர்வுகள் வந்தன, புதிதாகப் பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். தகுதி என்ற சல்லடை மட்டும் போகவில்லை.

இந்தச் சல்லடை என்ன செய்தது என்பதை ரேஷன் கடை வரிசையில் கேட்கலாம். "நானும் அவரும் விடிஞ்சா கிளம்பி ஓடுறோம். பிள்ளைய எங்கம்மாகிட்ட விட்டுட்டுப் போறேன். எனக்கு இல்லையாம். மூணாவது வீட்ல சொந்த வீடு, காம்பவுண்டு சுவரு, அவருக்கு ரெண்டாயிரம், அக்காவுக்கு ஆயிரம்." சொல்பவர் ஆயத்த ஆடை ஆலைக்குப் போகிற பெண்ணாக இருப்பார், அல்லது தனியார் பள்ளி ஆசிரியை. பொறாமை என்று நாம் இதைத் தள்ளிவிடுவது வழக்கம். தள்ளுவதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கணவனும் மனைவியும் ஆளுக்கு மாதம் 11,000 ரூபாய் சம்பாதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,64,000. வரம்பைத் தாண்டியது 14,000 ரூபாய். தாண்டியதற்காகக் கைக்கு வராமல் போவது ஆண்டுக்கு 12,000. அவள் வேலையை விட்டு வீட்டில் இருந்தால் குடும்ப வருமானம் பாதியாகும், அப்போது அவள் 'தகுதி' பெறுவாள். ஆயிரம் ரூபாய்க்காக யாரும் வேலையை விடப்போவதில்லை என்பது சரிதான். ஆனால் விதி தன் இலட்சியப் பெண்ணாக யாரைக் கற்பனை செய்கிறது என்பது இந்த இடத்தில் வெளிப்படுகிறது. ஆலையிலிருந்து திரும்பி இரவு பத்து மணிக்குப் பாத்திரம் தேய்க்கிறவளின் உழைப்பும் ஊதியமில்லாத உழைப்புதான். 2024ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். அரசு மதிப்பது வீட்டு உழைப்பை என்றால் அவளுடைய சம்பளம் அதில் குறுக்கே வர வேண்டியதில்லை. அது மதிப்பது வறுமையை என்றால் 'உரிமை' என்ற பெயர் பொருந்தவில்லை. இரண்டில் எது என்று திட்டம் சொல்வதில்லை.

ஆக, அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கோபம் போய் நிற்கிற வாசல்தான் தவறானது.

அந்த மூன்றாவது வீட்டுக்குப் போவோம். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கும், அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, பார்க்கின்சன், முதுகுத் தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித் தொகை. அத்தகையவர் உள்ள குடும்பத்தின் பெண், மற்ற நிபந்தனைகளை நிறைவு செய்தால், உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதி தனியாகச் சொல்கிறது. மொத்தம் 3,000. தெருவின் கண்ணில் உறுத்துவது இதுதான், கூடவே அந்தச் சொந்த வீடு.

வீடு உறுத்துவது எனக்குப் புரிகிறது. வாடகை கொடுப்பவர்களுக்கு மாதம் பிறந்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் நடக்க முடியாதவருக்கு வீடு என்பது கூரை மட்டுமில்லை. சாய்தளம் போட, கழிப்பறைக் கதவை அகலப்படுத்த, சுவரில் கைப்பிடி பதிக்க வாடகை வீட்டுக்காரர் எத்தனை பேர் ஒப்புவார்கள்? சக்கர நாற்காலியைப் பார்த்ததுமே "வீடு வேற ஒருத்தருக்குப் பேசியாச்சு" என்பவர்கள்தான் அதிகம். பலருக்கு அந்தச் சொந்த வீடு விபத்துக்கு முன்னால், சம்பாதித்த காலத்தில் கட்டியது. அதை விற்றால் போவதற்கு இடமில்லை. விற்காமல் வைத்திருந்தால் 'வசதியானவர்'. வீட்டின் மதிப்பை வைத்து அரிசி வாங்க முடியாது என்பது கடைக்காரருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத்தான் மறந்துவிடுகிறது.

மின்சார விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3,600 யூனிட் என்றால் மாதம் 300. மின் கட்டணத்தை வைத்து வசதியை அளப்பது பார்ப்பதற்குப் புத்திசாலித்தனமான வழி, யாரும் பொய் சொல்ல முடியாது. ஆனால் 350 வாட் ஆக்சிஜன் செறிவூட்டி ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் அதுவே ஆண்டுக்குச் சுமார் 1,275 யூனிட். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்வை சரிவரச் சுரப்பதில்லை, உடல் தன் சூட்டைத் தானே தணித்துக்கொள்ள முடியாது. வேலூரின் மே மாதத்தில் அந்த வீட்டு ஏசியை மீட்டர் ஆடம்பரமாகப் பதிவு செய்யும். காரும் அப்படியே. பேருந்தில் ஏற முடியாதவர் கடன் வாங்கி ஒரு பழைய மாருதி வைத்திருந்தால் படிவத்தில் அது 'நான்கு சக்கர வாகனம்'. ஆக, மாற்றுத்திறனாளி உள்ள வீட்டுக்கு விதி ஒரு கதவைத் திறந்து, அந்த உடலின் தேவைகளையே காட்டி இன்னொரு கதவைச் சாத்துகிறது. படிவத்தை எழுதியவர் மனதில் இருந்தது ஓர் ஆரோக்கியமான ஏழைக் குடும்பம்.

இன்னொரு சொல் வேறுபாட்டையும் நான் கடந்துபோக முடியவில்லை. குடும்பத் தலைவிக்கு 'உரிமைத் தொகை'. மாற்றுத்திறனாளிக்கு 'உதவித் தொகை'. ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளி என்ற சொல்லைக் கொண்டுவந்த மாநிலம் இது. பெயரில் திறன் வந்தது, தொகையின் பெயரில் உரிமை வரவில்லை. சட்டம் உரிமை என்றுதான் சொல்கிறது: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான இதேபோன்ற திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 2023 ஆகஸ்டு முதல் தமிழ்நாட்டின் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய். வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைப்பது 1,500. 1,200உடன் 25 விழுக்காட்டைக் கூட்டிப் பாருங்கள். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2024இல் ஆந்திரம் இதே தொகையை 6,000 ஆக்கியது. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் தில்லியின் பங்கு 300 ரூபாயிலேயே நிற்கிறது, அதுவும் 80 விழுக்காடு பாதிப்பு இருந்தால்.

அப்படியானால் அந்த 3,000 ரூபாய் எங்கே போகிறது? இங்கேதான் பெண்ணியர்களாகிய நாமும் கொஞ்சம் சோம்பலாக இருந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். வீட்டு உழைப்பைப் பற்றி எழுதும்போது நாம் அடுப்பை எழுதுகிறோம், குழந்தையை எழுதுகிறோம். வளர்ந்த ஓர் ஆணின் உடலைப் புரட்டிப்போட்டுப் படுக்கைப்புண் வராமல் காப்பது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுவது இவற்றை எழுதுவதில்லை. அதைச் செய்பவள் பெரும்பாலும் மனைவி அல்லது தாய். அவள் முன்பு வேலைக்குப் போனவளாக இருப்பாள், இவருக்காகத்தான் விட்டிருப்பாள். வரிசையில் நிற்கிற ஆலைப் பெண் வேலைக்குப் போகும் தாய் என்றால், மூன்றாவது வீட்டு அக்கா வேலையை விட நேர்ந்த பெண். இவர்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது ஆயிரம் ரூபாய். இருவருக்கும் இல்லாமல் போனது ஒன்றுதான்: பார்த்துக்கொள்ள ஆள்.

சட்டங்களில் அந்த ஆள் இருக்கிறார். முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கும் காப்பகம் கட்டாயம் என்று 2017இல் மகப்பேறு சட்டத் திருத்தம் சொன்னது. அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் கவனியுங்கள், அந்தப் படியும் மாற்றுத்திறனாளிக்கான உதவியாகவே எழுதப்பட்டிருக்கிறது, பராமரிப்பவள் அங்கே உரிமை உள்ள ஆளாக இல்லை. மாற்றுத்திறனாளிகள் இயக்கத்துக்கு இது தெரிந்திருக்கிறது. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்று தன் பெயரிலேயே 'பாதுகாப்போர்' என்பதைச் சேர்த்துக்கொண்டு ஓர் அமைப்பு இங்கே தெருவில் இறங்கிப் போராடி வருகிறது. பெண்கள் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் அந்தச் சொல்லை நான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அடுத்த மாதமே திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் துணையாளுக்கும் அது விரிந்தது. ஏறும் பெண்ணிடம் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை, மீட்டர் அட்டை கேட்பதில்லை. 'ஓசி' என்று ஒரு மேடையில் அமைச்சர் ஒருவர் வாய் தவறியதற்கு 2022இல் எழுந்த கோபம் நினைவிருக்கும். அந்தக் கோபத்தில் ஆலைப் பெண்ணும் வீட்டுப் பெண்ணும் ஒரே பக்கம் நின்றார்கள், ஏனென்றால் இருவர் கையிலும் இருந்தது ஒரே பயணச் சீட்டு. அந்தப் பேருந்தின் படி சக்கர நாற்காலிக்கு இன்னமும் உயரம்தான் என்பது வேறு வழக்கு. ஆனால் எல்லோருக்கும் தரப்படும் ஒன்றைப் பற்றி ரேஷன் கடை வரிசையில் யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

கடைசியாக அந்தச் சொந்த வீடு. அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரு கேட்பதில்லை. கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். உரிமைத் தொகை வங்கிக்கு வருவதற்கு மூன்று மாதம் முந்தைய தீர்ப்பு. மாணவிகளிடம் நான் இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்வதுண்டு, 'உரிமை' என்ற சொல் எங்கே அதிக கனமாக இருக்கிறது என்று பார்க்க. சென்ற முறை ஒரு மாணவி வேறு ஒன்றைக் கேட்டாள். அண்ணன் பெயரில் வீடு, அண்ணி பெயரில் உரிமைத் தொகை, ஒரு அட்டைக்கு ஒரு பெண்தான். அதே அட்டையில் நாற்பது வயதில், திருமணமாகாமல், போலியோ பாதித்த காலோடு அண்ணன் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் அத்தை ஒருத்தி இருக்கிறாளே, அவள் பெயர் எதில் வரும் என்று. விதியை எடுத்து மறுபடி படித்தோம். குடும்ப அட்டையில் அவளுடைய உறவுமுறைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 'சகோதரி' என்று போட்டிருக்கும்.